மடிக்காத தாள்கள்

அச்சடித்த தாளை மடித்துக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்துவிடும், படிக்கிறவருக்குச் சிரமம். அதனால் ஒரு கெட்டி அட்டையின்மேல் தாள்களைப் படுக்கவைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காலை பத்து மணிக்குக் கடை கடையாகக் கொண்டுபோவேன். நான்கு வருடத்தில் அடைமழையில்கூட ஒரு தாள் நனைந்ததில்லை. கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதி.

வணிகர் சங்கம் என்னை வேலைக்கு எடுத்தபோது இன்டர்நெட் என்றால் என்னவென்று கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஐம்பது கடைகளை அதற்குள் கொண்டுவர வேண்டும், அதுதான் என் வேலை. எழுதுபொருள் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். டெலிபோன் லைன் கீழ்க்கடையோடு பங்கு. கடைக்காரர் கீழே போனை எடுத்தால் மேலே என் இணைப்பு அறுந்துபோகும். நான் தரையை ஓங்கி மிதிப்பேன், அவர் திட்டிக்கொண்டே போனை வைத்துவிடுவார். எங்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

வீடு வீடாகப் பெண் கேட்டுப் போகிறவன் மாதிரி கடை கடையாக ஏறி இறங்கினேன். எண்ணெய்க் கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு வாரத்துல என்னைக்கு லீவு?" என்றார். லீவே கிடையாது, ராத்திரி பகல் திறந்தே இருக்கும் என்றேன். "அப்ப நமக்குச் சரிப்படாது தம்பி, வீட்டுல கொன்னுடுவாங்க" என்று அனுப்பிவிட்டார். தையல்காரர் இன்னும் மோசம். "ஆளைப் பார்க்காம அளவெடுக்கச் சொல்றியா? நல்லா இருக்கே கதை" என்று கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் கோபத்துக்கு என்ன இடம் இருக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்க யாரும் தயாராக இல்லை. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்கு ஒரு இணையப் பக்கம், ஒரு முகவரி. கடிதங்கள் என் மெஷினுக்கு வரும். அச்சடித்துக் கொண்டுபோய், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டுவேன். அவர்கள் தாளின் பின்பக்கம் பென்சிலால் பதில் எழுதித் தருவார்கள். அதை ஆங்கிலமாக்கி அனுப்புவேன். கடிதம் காற்றில் வருகிறது என்று எனக்குக் காத்துத் தபால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "காத்துத் தபால் வந்தாச்சு, நாற்காலி போடு" என்பார்கள்.

படித்துக் காட்டும்போது நான் சின்னச் சின்னதாகச் சீவிவிடுவேன். இதை மறைக்கவில்லை. 'உங்கள் பதில் மிகத் தாமதம், இப்படியா தொழில் செய்வீர்கள்' என்று வந்திருந்தால், 'உங்கள் பதிலுக்கு ஆவலோடு காத்திருந்தோம்' என்று படிப்பேன். இவர் பின்பக்கத்தில் 'அவன் கிடக்கிறான், வேணும்னா வாங்கச் சொல்லு' என்று கிறுக்கியிருந்தால், 'தங்கள் கருத்தை மதிக்கிறோம்' என்று அனுப்புவேன். இரண்டு பக்கமும் எதிராளி தங்கமானவர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். சண்டை வந்திருக்க வேண்டிய இடங்களில் வியாபாரம் நடந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

ஏணிக்காரர் எங்கள் பட்டியலில் மூன்றாவது. அலுமினியத்தில் மடக்கு ஏணி செய்கிறவர். கடைக்குப் பின்னாலேயே பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு. ஒவ்வொரு ஏணியும் வெளியே போகுமுன் அவரே உச்சிப் படியில் ஏறி நின்று இரண்டு குதி குதிப்பார். "வயசாகுது, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் விழுந்து வைக்கப்போறீங்க" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கத்துவார். "நான் விழுந்தா ஏணி சரியில்லைன்னு அர்த்தம், அது விற்கிறதுக்கு முன்னாடியே தெரியட்டுமே" என்பார் இவர். ஒரே மகள். பள்ளி முடித்ததிலிருந்து அப்பாவோடு பட்டறையில்தான். ரிவெட் அடிப்பதும் பூட்டு பொருத்துவதும் அவள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். கடைக்குப் போனால் என் அட்டையிலிருந்து தாளை உருவி, நான் படிப்பதற்குள் எழுத்துக் கூட்டிப் பாதி படித்துவிடுவாள்.

அவருக்குத்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. கடல் தாண்டி ஒரு துறைமுக ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர் எங்கள் பக்கத்தைப் பார்த்து நாற்பது ஏணி கேட்டார். அந்தத் தாளை நான் படித்து முடித்ததும் ஏணிக்காரர் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "இன்னொரு தடவை படி தம்பி" என்றார். சங்கக் கூட்டத்தில் அவரை மேடையேற்றினோம். "இருபத்தெட்டு வருஷமா ஏணி செய்றேன். ஏறினதெல்லாம் மத்தவங்க. இந்தத் தம்பி வந்துதான் என்னை ஏத்திவிட்டான்" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. அந்த வாரமே பதினோரு கடைகள் சேர்ந்தன, தையல்காரர் உட்பட. அதற்கப்புறம் நான் எங்கே போனாலும் ஏணிக்காரர் கதையைத்தான் சொல்வேன். வெளியூர்ச் சங்கங்கள் அந்தக் கடையைப் பார்க்க வந்தன.

இப்போது ஏணிப் பின் விஷயம். ஏணியை விரித்தால் இரண்டு பக்கச் சட்டங்களும் விலகி நிற்கும். அவை மேலும் விலகாமல் பூட்டிப் பிடிப்பது விரல் தடிமனில் ஒரு பின். அடுத்த தெரு லேத்துக்காரர் கடைந்து தருவார், எப்போதும் தாமதம். நாற்பது ஏணி போக வேண்டிய அவசரத்தில், நான் இணையத்தில் தேடி வெளியூரில் ஒரு பின் தயாரிப்பாளரைப் பிடித்தேன். விற்க மட்டுமா இன்டர்நெட், வாங்கவும்தான் என்று காட்ட எனக்கு ஆசை. மாதிரிகள் வந்தன. பளபளவென்று இருந்தன. மகள் ஒன்றை உள்ளங்கையில் போட்டுப் பார்த்து, "அண்ணா, இது லேசா இருக்கே" என்றாள். புது உலோகம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அப்பா ஏறிக் குதித்தார். தாங்கியது. புதிதாக இருக்கும்வரை எல்லாம் தாங்கியது.

ஐந்தாவது மாதம் துறைமுகக் கடைக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. நான்கைந்து ஏணிகளில் பின் தேய்ந்து வழுக்குகிறது, கவனியுங்கள் என்று. அன்றைக்கு வெளியூர்ச் சங்கத்திலிருந்து இருபது பேர் கடையைப் பார்க்க வருகிற நாள். ஏணிக்காரர் காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். அவர் கையில் அந்தத் தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் அதற்கு மறுநாள் ஆயிற்று. ஆனால் ஒரு கடிதத்தைப் பதில் இல்லாமல் போட்டுவைப்பது என் வழக்கம் இல்லை. அதனால் ஏணிக்காரர் பெயரில் நானே எழுதினேன்: தகவலுக்கு நன்றி, குறையைக் கண்டுபிடித்துவிட்டோம், பின்னை மாற்றிவிட்டோம். நல்ல பதில். அவர் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். கடிதத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு தனி இடத்தில் போட்டேன். அந்த இடத்துக்குப் 'பிறகு' என்று பெயர் வைத்தேன்.

அடுத்த கடிதத்தில் ஒரு அம்மாள் பல்பு மாற்ற ஏறி விழுந்து கை முறிந்ததாக இருந்தது. அதைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே பட்டறைக்குப் போய், "ஐயா, அந்தப் பழைய லேத்துப் பின்னுதான் நல்லா இருந்துச்சோ?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். ஏணிக்காரர் சிரித்தார். "என்ன தம்பி, உன் சாமானையே நீ குறை சொல்ற? நீ கொண்டுவந்ததுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். மாத்தினா உனக்குத்தானே அவமானம்" என்றார். அவ்வளவு தூரம் என்மேல் மரியாதை வைத்திருக்கிறவரிடம் அதற்குமேல் எப்படி வற்புறுத்துவது? மகள் மட்டும் ரிவெட் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது கடிதம் ஒரு பெயிண்டரைப் பற்றியது. துறைமுகக் கடையில் ஏணி வாங்கியவர். ஆறாவது படியிலிருந்து விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துவிட்டார். இந்த முறை பதிலை நான் மூன்று தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். இரங்கல் கடிதத்தில் பிழை இருக்கக் கூடாது. பின்கள் அனைத்தும் முன்பே மாற்றப்பட்டுவிட்டன, இது பழைய சரக்காக இருக்கலாம் என்று முடித்தேன். அதன் பிறகு கடையிலிருந்து எத்தனை ஏணி போனது என்று கேட்டீர்கள். இருநூற்றுப் பத்து. கணக்கு எனக்குத் தெரியும், ஒவ்வொரு ஆர்டரையும் நான்தானே படித்துக் காட்டினேன்.

சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். சோறு இறங்கியது. ஆனால் காலையில் மெஷினைப் போடுமுன் கொஞ்ச நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருப்பேன். கீழ்க்கடைக்காரர் போனை எடுத்து இணைப்பை அறுத்தால், அந்த நாட்களில் தரையை மிதிக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மகள் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து படித்து முடித்தாள். "இனிமே எங்க தபாலை நாங்களே பார்த்துக்கறோம்ணா. நீங்க எத்தனை கடைக்குத்தான் அலைவீங்க" என்றாள். ஏணிக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. கடைத்தெருவிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் கடை அவருடையது. நான் ஐந்து வருடத்தில் நடக்கும் என்று சங்கத்துக்குச் சொல்லியிருந்தது மூன்று வருடத்தில் நடந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மின்னஞ்சலுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பதில் எழுதினால், அதுவரை போய்வந்த எல்லாம் அடியில் தொங்கிக்கொண்டே வரும். துறைமுகக் கடைக்காரர் இன்னும் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அவர் எழுதியது, நான் எழுதியது எல்லாம் அவள் கண்முன் வரிசையாக நிற்கும். இதை அவளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இணைப்புக் கொடுக்கும் நாள் குறித்தோம். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். டெலிபோன் முன்கடையில் இருந்தது, கம்ப்யூட்டர் உள்ளறையில். கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாக வயரை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஏணிக்காரர் சங்கத்துக்குப் போயிருந்தார், சாயங்காலம் போட்டோ எடுக்க ஆள் கூட்டிவர. போட்டோவுக்காக மகள் புது வெள்ளை உடை போட்டிருந்தாள். எனக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். "ஏணிக் கடையையே உலகத்துக்குக் காட்டினவரு ரெண்டு படி ஏற மாட்டாராம். தள்ளுங்கண்ணா, நான் மூணு வயசுலேர்ந்து ஏறுறவ" என்று கேலி செய்துகொண்டே வந்தாள். அவள் ஏறினாள். நான் கீழே நின்று வயரை நீட்டினேன். ஏழாவது படியில் பின் விட்டது. இடுப்புக்குக் கீழே அவளுக்கு இப்போது உணர்வு இல்லை.

அவள் விழுந்த ஏணி, கடை வாசலில் காட்சிக்கு வைத்திருந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து மூடிக் காட்டிய ஏணி. ஏணிக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தேய்ந்த பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "காட்சிக்கு வச்சதைப் பார்த்து மாத்தாம விட்டுட்டேனே, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆயிரம் தடவை திறந்து மூடினால் எந்தப் பின்னும் தேயும் ஐயா என்று முதலில் சொன்னது நான்தான். ஆறுதலுக்காகச் சொன்னேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பழையபடி லேத்துப் பின்னுக்கே மாறிவிட்டார். விற்ற ஏணிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை, தேய்ந்தது அந்த ஒன்றுதான் என்று நம்பியதால். ஏறிக் குதிப்பதையும் விட்டுவிட்டார்.

பதினொரு மாதம் நானே பழையபடி தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைமுகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் அம்மா ஒருநாள், "சும்மா படுத்துப் படுத்துச் சுவரைப் பார்த்துட்டிருக்கா தம்பி, அந்தக் கம்ப்யூட்டரையாவது அவகிட்ட கொடுங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மறுக்க முடியுமா? கட்டிலுக்குச் சரியான உயரத்தில் ஒரு மேசை நானே அடிக்கச் சொன்னேன். பாஸ்வேர்டைக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் செத்துப்போன பெயிண்டரின் தம்பி எழுதினார். துறைமுகக் கடையில் உட்கார்ந்து, அந்தப் பழைய கடிதத்துக்கே பதிலாக எழுதியிருந்தார். எல்லாம் அடியில் தொங்கிக்கொண்டு வந்தது.

என்னை வரச் சொன்னாள். பத்து மணிக்குப் போனேன். அவள் பக்கத்தில் ஏணிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், எதுவும் தெரியாமல். அவள் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். உள்ளே ஏழு தாள், ஒன்றும் மடிக்கவில்லை. "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்கண்ணா" என்றாள். நின்றுகொண்டே படித்தேன். 'என் அண்ணன் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் இரங்கலுக்கு நன்றி' என்று ஆரம்பித்தேன். "அப்படி இல்ல. சரியாப் படிங்க" என்றாள். தாளில் இருந்தது வேறு. 'என் அண்ணனுக்கு இரண்டு குழந்தைகள். பின்னை மாற்றிவிட்டதாக எழுதினீர்கள். உண்மையிலேயே மாற்றினீர்களா?' என்று இருந்தது. அதைப் படித்தேன். மீதியையும் வரி விடாமல் படித்தேன். அதில் ஏணிக்காரர் பெயரில் இருந்ததையெல்லாம் அவர் முதல் முறையாகக் கேட்டார். கடைசித் தாள் முடிந்ததும் வழக்கம்போல அதைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பென்சிலைக் கேட்கவில்லை.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்னைக்கு நான் முதல்ல வேற ஏணியைத்தானே எடுத்தேன்?"

ஆமாம் என்றேன். உங்களிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் இரண்டு ஏணிகள் இருந்தன. ஒன்று பட்டறையின் பழைய ஏணி, லேத்துப் பின் போட்டது, மேலெல்லாம் பெயிண்டும் எண்ணெயும். மற்றது காட்சி ஏணி. அதன் பின்னை முந்தின வாரம்தான் நகத்தால் தடவிப் பார்த்திருந்தேன். பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. அவள் பழையதைத்தான் இழுத்தாள். நான்தான், "அதுல பெயிண்டா இருக்கும்மா, இதை எடுத்துக்கோ" என்று காட்சி ஏணியை எடுத்து விரித்துக் கொடுத்தேன். ஏன் என்று நீங்களும் கேட்கிறீர்கள், அவளும் கேட்டாள். இருவருக்கும் ஒரே பதில்தான். சாயங்காலம் போட்டோ எடுக்க வருவார்கள், அவள் புது உடையில் கறை பட்டுவிடக் கூடாது என்று நினைத்தேன்.